மேஃப் சென்சாரைப் புது இன்டேக்கில் மாட்டும் முன்

புது இன்டேக் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) வாங்குகிறவர்கள் பளபளக்கும் குழாயைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே போகும் காற்றை அளக்கும் மேஃப் சென்சார் உட்காரும் இடத்தின் உள்விட்டம். பழையது 70 மி.மீ., புதியது 76 மி.மீ. என்றால் குறுக்குப் பரப்பு சுமார் 18 சதவீதம் கூடிவிடும். அதே காற்று அங்கே மெதுவாகப் போகும், சென்சார் குறைத்துச் சொல்லும், இசியு (எஞ்சினை நடத்தும் கணினி) பெட்ரோலைக் குறைக்கும். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும் ‘பி0171’ பிழைக் கோடு விழ இதுவே போதும். வெர்னியரால் அளந்துவிட்டு வாங்குங்கள். அகலக் குழாய்தான் வேண்டுமென்றால் டியூனிங்கும் (புதுக் குழாய்க்கேற்ப இசியு கணக்கை மாற்றுவது) வேண்டும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சென்சார் பிளக்கின் பூட்டை அழுத்தி இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். சென்சாரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் இரண்டே ஸ்குரூ. உள்ளே முடிபோல மெல்லிய கம்பி இருக்கும். விரலோ துணியோ படவே கூடாது. அழுக்கிருந்தால் மேஃப் கிளீனர் மட்டும், கார்ப் (கார்புரேட்டர்) கிளீனர் வேண்டாம்.

மாட்டும்போது சென்சார் மேலே உள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கட்டும். ஓ-ரிங் (சென்சாரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்) மடிந்தால் அளக்காத காற்று புகுந்துவிடும். ஸ்குரூவைக் கையால் இறுக்கினால் போதும், அலுமினியக் குழாயில் மரை சீக்கிரம் தேயும். எண்ணெய் பூசும் காட்டன் ஃபில்டர் என்றால் கூடுதல் எண்ணெயை ஒற்றி எடுங்கள். அது கம்பியில் படிந்தால் அளவு தவறும்.

ஓட்டிப் பார்த்தபின் ஸ்கேனரில் லாங் டேர்ம் ஃபியூவல் டிரிம் (இசியு பெட்ரோலைத் தொடர்ந்து கூட்டிக் குறைக்கும் அளவு) ±10 சதவீதத்தைத் தாண்டினால் முதலில் குழாயை இறுக்கும் கிளாம்ப்களைப் பாருங்கள்.