மிளகிக்குக் கோணிச் சாக்கு போதும்

மிளகி எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. கோவில்பட்டிப் பக்கத்துக் கன்னி இன நாய், வயது இரண்டு. கருப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு செம்பொட்டு. வந்த நாளிலிருந்து மாடிப்படிக்கு அடியிலேயே கிடந்தாள். முன்பு இருந்த நாய் கேட் சத்தம் கேட்டாலே மேலே விழுந்து புரளும். அதைப் பார்த்துப் பழகிய எனக்கு இவள் எதற்கோ ஏங்குகிறாள் என்றுதான் பட்டது.

முதலில் மருத்துவரிடம் காட்டினேன். உண்ணிக் காய்ச்சல், காது வலி, மூட்டு வலி எது இருந்தாலும் நாய் ஒதுங்கிப் படுக்கும். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. உடல் வெப்பம் 101.5 டிகிரி, நாய்க்கு அது சரியான அளவுதான். "அது சுபாவமே அப்படித்தான், விடுங்க" என்றார்.

நான் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். கொட்டாவி விடுவாள், மூக்கை நக்குவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தூக்கம் போல என்று நினைத்தேன். ஒரு நாள் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவதற்காகக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தபோது உடம்பு விறைத்து, கடைக்கண்ணில் வெள்ளை தெரிய உறுமினாள். அம்மா அடிக்கக் கை ஓங்கினார். தடுத்துவிட்டேன். உறுமுவதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடித்துவிடலாம். அத்தனை நாள் விட்ட கொட்டாவியெல்லாம் 'போதும், போ' என்பதுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். மூன்று விநாடி தடவுவது, கையை எடுத்துவிடுவது. அவளாக நெருங்கி வந்தால் ஒரு டிக், நகர்ந்தால் ஒரு பெருக்கல் குறி. முதல் வாரம் 20 முறையில் மூன்றே டிக். மூன்றுமே சாயங்காலம் சாப்பிட்ட பிறகு, நெஞ்சில் தடவியபோது விழுந்தவை. தலைக்கு மேல் கை வந்த ஒரு தடவைகூட டிக் இல்லை.

படுக்கைக்கு 1,400 ரூபாய் கொடுத்து மெத்தை வாங்கினேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. கோணிச் சாக்குதான் பிடித்தது. அக்கா மகன் படிக்கட்டைச் சுற்றிச் சாக்பீஸில் கோடு போட்டு, "உள்ளே மிளகி வீடு" என்று எழுதிவிட்டான். விளக்குமாற்றோடு போன பாட்டியையே, "கேட்டுட்டுப் போங்க பாட்டி" என்று மறித்தான். இந்த வீட்டில் ஒழுங்காகச் சட்டம் பேசுகிற ஒரே ஆள் அவன்தான்.

தின்பண்டத்தையும் கையில் நீட்டுவதில்லை. வேகவைத்த கோழித் துண்டை அவளுக்குப் பின்பக்கம் தூக்கிப் போடுகிறேன். எடுக்கப் போனவள் திரும்பி வருவதும் வராததும் அவள் இஷ்டம்.

நடையில்தான் பெரிய மாற்றம். சாயங்காலத் தெருவில் நாய்ச்சண்டை, வண்டிச் சத்தம். வாலை இடுக்கிக்கொண்டே வருவாள். இப்போது காலை ஐந்து மணிக்குக் கண்மாய்க் கரை, பத்து மீட்டர்க் கயிறு. கயிற்றை அவிழ்ப்பதில்லை. கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை இனம், ஒரு முயல் ஓடினால் போச்சு. நான் கரையில் உட்கார்ந்துகொள்வேன். அரை மணி நேரம் புல்லை மோந்துகொண்டு அவள் பாட்டுக்குத் திரிவாள்.

நடுவில் ஒரு சொதப்பல். துணை வேண்டுமே என்று நண்பர் வீட்டு லாப்ரடாரைக் கூட்டிவந்தேன். அது ஆசையாகத்தான் பாய்ந்தது. மிளகி அன்று ராத்திரி தட்டைத் தொடவில்லை, நோட்டில் நான்கு நாளுக்கு ஒரு டிக்கூட விழவில்லை. இனி அந்த வேலை வேண்டாம்.

இந்த வாரக் கணக்கு: 20-க்கு 11. விருந்தாளிகளுக்கு இன்னும் வாலாட்டுவதில்லை, அதற்காகக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டோம். நேற்று ராத்திரி கரண்ட் போனதும் எல்லோரும் திண்ணையில் வந்து உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் மிளகியும் வந்து, எனக்கு ஒரு முழம் தள்ளி, முதுகைக் காட்டிப் படுத்தாள். நான் கையை நீட்டவில்லை. கரண்ட் வந்ததும் எழுந்து சாக்குக்குப் போய்விட்டாள்.