மனுகா பூங்காப் பக்கம் சில நாட்கள்

பிப்ரவரி 9, 2024, வெள்ளி

காலை பத்து மணி இருக்கும், ஹவாயின் பெரிய தீவில் நாஆலேஹு என்ற ஊரில் தங்கியிருக்கும் வீட்டில் காபியோடு உட்கார்ந்திருந்தேன், தரை ஆடியது. அலமாரியில் தட்டுகள் கடகடவென்று மோதிக்கொண்டன, அக்கா செருப்பு கூடப் போடாமல் வாசலுக்கு ஓடிவிட்டாள். செய்தியில் பார்த்தால் 5.7 ரிக்டர், மையம் பக்கத்து ஊரான பஹாலா, ஆழம் சுமார் 37 கிலோமீட்டர். எரிமலை பொங்கப் போவதாக அர்த்தமில்லையாம். ஹவாய்த் தீவுகளின் எடை தாங்காமல் அடியில் இருக்கும் கடல்தட்டு வளைகிறது, அதனால் வரும் நடுக்கம் இது என்கிறார்கள். சுனாமியும் இல்லை. அப்புறம் என்ன, மனுகாவுக்குக் கிளம்பலாம் என்றேன். "டேய், தரை ஆடுற அன்னிக்கா காட்டுக்குப் போகணும்?" என்றாள். சரி, நாளைக்கு.

பிப்ரவரி 10, சனி

11ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். வழியில் ஓஷன் வியூ என்ற குடியிருப்பு, எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை மேலேயே வீடு கட்டியிருக்கிறார்கள், பல வீடுகளில் மழைநீர்த் தொட்டிதான் குடிநீருக்கு. மைல் கணக்கில் பாறை, பாறை, பாறை. அதைத் தாண்டினால் சாலையோரத்தில் பச்சைப்பசேல் என்று மனுகா பூங்கா.

பெரும்பாலான கார்கள் இங்கே நிற்பது கழிவறைக்காக. ஐந்து நிமிடத்தில் ஆள் காணாமல் போகிறார்கள். குடிதண்ணீர் கிடையாது, கையில் கொண்டுபோக வேண்டும்.

புல்வெளியைச் சுற்றி இருக்கும் மரத்தோட்டம் 1930களின் நடுவில் நட்டது. இந்தத் தீவின் சொந்த மரங்களும் உண்டு, உலகத்தின் வேறு மூலைகளிலிருந்து கொண்டுவந்தவையும் உண்டு. மாடுகளும் ஆடுகளும் மேய்ந்து மொட்டையாக்கிய சரிவுகளில் எதையாவது நட்டு மண்ணையும் தண்ணீரையும் காப்பாற்றினால் போதும் என்று ஹவாய் முழுக்க மரம் நட்ட காலம் அது. வேகமாக வளர்கிறதா என்றுதான் பார்த்தார்கள். எங்கிருந்து வந்தது, நாளைக்கு எங்கே பரவும் என்பதெல்லாம் அவ்வளவாக யோசிக்கவில்லை. அக்காவுக்கு அந்தக் கவலையே இல்லை, நிழலில் படுத்துத் தூங்கிவிட்டாள். எனக்குக் கொசு. அதுவும் இந்தத் தீவுகளுக்குச் சொந்தமில்லை, 1820களில் கப்பலில் வந்து இறங்கியது.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று காட்டுப்பாதை. பூங்காவிலிருந்தே தொடங்கிச் சுற்றி வந்து அங்கேயே முடியும், இரண்டு மைல். கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும், ஆனால் கால் வைப்பது கரடுமுரடான பாறையிலும் வேரிலும், செருப்போடு போகாதீர்கள். சுற்றியிருக்கும் பாதுகாக்கப்பட்ட வனம் 25 ஆயிரம் ஏக்கருக்கு மேல், கடலோரத்திலிருந்து மௌனா லோவா எரிமலையின் சரிவில் 5000 அடி தாண்டி ஏறுகிறது.

நான் வந்ததே இதைப் பார்க்கத்தான்: எரிமலைக் குழம்பு எல்லாம் ஒரே நாளில் ஓடியதில்லை, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வயது, பாதை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போகிறது. இளம் பாறையில் சாம்பல் நிறப் பாசிக்காளான் படிந்திருக்கும், இடுக்குகளில் பெரணி, நடுவே ஒல்லியாக ஓஹியா, இந்தத் தீவுகளின் சொந்த மரம். பழைய ஓட்டத்தில் கால் வைத்ததும் மண் வந்துவிடுகிறது, மரங்கள் பருத்து நெருங்கி நிற்கின்றன. ஓஹியாவின் விதை தூசு மாதிரி, காற்றில் வந்து பாறை விரிசலில் விழுந்து முளைத்துவிடும். எரிமலைப் புகை வந்தால் இலைத்துளைகளை மூடிக்கொண்டு தாக்குப்பிடிக்கும். தோட்டத்து வெளிநாட்டு மரம் எதையாவது கொண்டுவந்து இந்த மொட்டைப் பாறையில் நட்டுப் பாருங்களேன்.

ஓரிடத்தில் பெரிய பள்ளம், கீழே எட்டிப் பார்த்தால் உள்ளுக்குள்ளும் மரங்கள். குழம்பு வெடித்து வந்த வாயல்ல அது. அடியில் வெற்றிடமாகி, மேல்கூரை இடிந்து விழுந்த குழி. வெள்ளிக்கிழமை நடுக்கத்துக்குப் பிறகு அக்கா விளிம்புக்கு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். வற்புறுத்தவில்லை.

குக்குயி மரங்களும் கண்ணில் பட்டன, இலையின் வெளிர்நிறம் தூரத்திலேயே தெரியும். படகில் வந்த பாலினேசியர்கள் கொண்டுவந்த மரம், கொட்டையில் எண்ணெய் அதிகம், வரிசையாகக் கோத்து விளக்காக எரித்தார்கள். ஆக இதுவும் வந்தேறிதான். ஆனால் இதைக் கண்டு யாரும் முகம் சுளிப்பதில்லை, இன்று இதுதான் ஹவாயின் மாநில மரம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

பூங்காவில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன், களையெடுக்க வருபவராம். ஸ்ட்ராபெர்ரி கொய்யாவைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம், அரை மணி நேரம் திட்டினார். பிரேசில் பக்கத்துச் செடி, பழம் நன்றாகவே இருக்கும். பன்றியும் பறவையும் தின்று விதையைக் காடு முழுக்கப் போடுகின்றன, வெட்டினால் வேரிலிருந்து மறுபடி கிளம்புகிறது, நெருக்கமாக வளர்ந்து ஓஹியா கன்று முளைக்கவே வெளிச்சம் விடாது. நல்ல பழமரம் என்று 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்ததன் விளைவு. மரம் நட்டவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், ஆனால் மரம் நட்டாலே புண்ணியம் என்று நாம் பேசுவதை இங்கே வந்து பேசினால் சிரிப்பார்கள்.

பிப்ரவரி 14, புதன்

பின்னூட்டத்தில் ஒருவர் ஓஹியாவின் சிவப்புப் பூவைப் பறித்து வந்தாயா என்று கேட்டிருந்தார். இல்லை. பறித்தால் மழை வரும் என்பது இங்கத்திய நம்பிக்கை: எரிமலைத் தெய்வமான பெலே தேவி ஓஹியா என்ற இளைஞனை மரமாக்கிவிட, பிரிவு தாங்காத அவன் காதலி லெஹுவாவை மற்ற தெய்வங்கள் இரங்கி அதே மரத்தின் பூவாக்கினார்கள், பிரித்தால் அழுவாள். நான் பறிக்காததற்குக் காரணம் பூஞ்சை. 2014இல் அடையாளம் கண்ட ஒரு நோய், மரப்பட்டையில் ஒரு காயம் கிடைத்தால் உள்ளே புகுந்து தண்ணீர்ப் பாதையை அடைக்கிறது, அறிகுறி தெரிந்த சில வாரங்களில் முழு மரமும் காய்ந்துவிடுகிறது. பெரிய தீவில் லட்சக்கணக்கில் போய்விட்டன. மண்ணோடு மண்ணாகச் செருப்பிலும் பயணம் செய்யும்.

அதனால் இன்று முழுக்கச் செருப்பு, ஷூ தேய்ப்புதான், நாளை மறுநாள் காவாய் தீவுக்கு விமானம். பிரஷ்ஷால் மண்ணை உதிர்த்துவிட்டு 70 சதவீத ஆல்கஹால் தெளிக்க வேண்டும். "என் ஷூவையும் நீயே தேய்ச்சிடு, நான்தான் அந்தக் குழிப் பக்கமே வரலையே" என்கிறாள் அக்கா. அது எப்படிக் காரணமாகும் என்று எனக்குப் புரியவில்லை, தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.