உங்கள் வீடாக இருந்தால்?

"இது உங்கள் வீடாக இருந்தால் வெட்டுவீர்களா?" என்று தன் வீட்டு மரத்தைக் காட்டி அந்த அம்மாள் கேட்டார். நான் மரங்களைச் சோதித்துச் சொல்லும் ஆய்வாளர்.

"வெட்டுவேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. நான் குடியிருப்பது மூன்றாம் மாடி வாடகை வீடு. மரம் என்று சொல்லிக்கொள்ள பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி உண்டு.

டக்லஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரம். கனடாவின் வான்கூவர் தீவில் வீட்டுக்கு வீடு நிற்பதுதான், ஆனால் இது ஒரு மீட்டர் குறுக்களவு. அடியில் மண்ணில் முளைத்திருந்த காளானைக் காட்டத்தான் கூப்பிட்டிருந்தார். புதிதில் வெல்வெட் மாதிரி, ஓரம் மஞ்சள். காய்ந்தால் சாணி வறட்டியேதான். பெயர் ஃபியோலஸ் ஷ்வைனிட்ஸி. வேரிலும் அடிமரத்து வைரக் கட்டையிலும் புகுந்து, கட்டையின் நாரான செல்லுலோஸைத் தின்றுவிட்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினை மிச்சம் வைக்கும். கட்டை பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். நீர் ஏறும் வெளிக்கட்டை உயிரோடு இருப்பதால் உச்சி பச்சைப் பசேலென்றே இருக்கும். "இவ்வளவு பச்சையாக இருக்கிறதே" என்று அவர் இரண்டு முறை சொன்னார்.

உள்ளே நல்ல கட்டை எவ்வளவு என்று காட்டும் ஊசித் துளைப்பானால் நான்கு இடங்களில் துளைத்தேன். ஆரத்தில் 30 சதவீதமாவது நல்ல கட்டை வேண்டும் என்பது மரங்கள் முறிவதை ஆராய்ந்த ஜெர்மன் அறிஞர் கிளாஸ் மத்தெக்கின் கணக்கு. இந்த மரத்துக்கு 15 செ.மீ. அந்தக் கணக்கை ஏற்காதவர்களும் உண்டு, அது இருக்கட்டும். மூன்று இடங்களில் 30 செ.மீ.க்கு மேல் நல்ல கட்டை. தென்கிழக்கில் மட்டும் 12. குளிர்காலப் புயல் பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்துதான் அடிக்கும். வேர் இழுத்துப் பிடிக்க வேண்டியதும் அந்தப் பக்கம்தான். பிடி விட்டால் எதிர்ப்பக்கம் அவருடைய படுக்கையறை. இதற்குமேல் என்ன வேண்டும்?

வேண்டும்தான். ஊசி அடிமரத்தைச் சொல்லும், வேரைச் சொல்லாது. காற்றைப் பீய்ச்சி மண்ணை விலக்கி வேரையே பார்த்திருக்கலாம். அறிக்கையில் அதை ஒரு வரி எழுதினேன், வாயால் சொல்லவில்லை. அவர் அறிக்கையைப் படிக்கவில்லை, என்னைத்தான் கேட்டார். கேட்டவரிடம் "தெரியாது" என்று சொல்ல ஒரு ஆய்வாளர் எதற்கு என்று அன்று நினைத்தேன். இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

வெட்டினோம். அடிக்கட்டையில் ஒரு ஓரத்தில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு. மற்றதெல்லாம் பிசின் மணக்கும் நல்ல கட்டை. அவர் குனிந்து தடவிப் பார்த்தார். "நல்ல மரம்தானே?"

"அழுகல் வேரில் இருக்கும்" என்றேன். இருக்கிறது என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தாரா, தெரியவில்லை.

நவம்பரில் புயல் வந்தது. பக்கத்துத் தெருவில் இரண்டு மரங்கள் வேரோடு சாய்ந்தன. நான் சொன்னது சரி என்று இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. பிறகுதான், அந்த இரண்டின் அடியிலும் யாரும் காளானைப் பார்த்ததில்லை என்று கேள்விப்பட்டேன்.

அடிக்கட்டையை அரைத்தெடுக்க, மரம் வெட்டிய மறுவாரமே ஆள் வந்தது. வேர்த்தூரிலிருந்து வெளியே வந்தது மஞ்சள் சிராயா, பழுப்புத் தூளா என்று நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு அன்று வேறு வேலை இருந்தது. அந்த வேலை காலையிலேயே ரத்தாகிவிட்டது.