லிவிவ் புனித ஜார்ஜியார் பேராலயம்: வலத்தோளை முதலில் தொடும் சிலுவை

உக்ரைனின் லிவிவ் நகரில், புனித யூரி குன்றின் மேல் நிற்கிறது இந்தப் பேராலயம். யூரி என்பது ஜார்ஜியாருக்கு அங்கே வழங்கும் பெயர். வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சியில் குதிரைமேல் இருந்து பறவைநாகத்தைக் குத்தும் ஜார்ஜியார். கீழே ரோமைத் திருத்தந்தை புனித லியோ, அலெக்சாந்திரியா ஆயர் புனித அத்தனாசியார். மூன்றும் சிற்பி பின்செல் செதுக்கியவை. மேற்கும் கிழக்கும் ஒரே வாசலைக் காக்கின்றன.

1744இல் தொடங்கிய, மேற்கு ஐரோப்பிய பரோக் பாணியிலான இந்தக் கட்டடத்தைப் பார்த்து, உள்ளே இலத்தீன் பூசைதான் என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பதோ கிழக்குத் திருச்சபைகளின் பைசாந்திய வழிபாடு. இசைக்கருவி இல்லை, குரல் மட்டுமே. 'ஹோஸ்போதி பொமிலுய்' என்று மக்கள் பாடுவது நம் 'ஆண்டவரே, இரக்கமாயிரும்' தான். அந்த ஒரு வரியைக் கற்றுக்கொண்டாலே பாதி வழிபாட்டில் சேர்ந்து பாடலாம்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் குவித்து, மற்ற இரண்டை உள்ளங்கையில் மடக்கிச் சிலுவை வரைவார்கள். நெற்றி, வயிறு, பிறகு வலத்தோள், கடைசியில் இடத்தோள். நம் இலத்தீன் வழக்கத்தில் இடத்தோள்தான் முதலில்.

இது ரோமையோடு ஒன்றித்த கிரேக்க கத்தோலிக்கத் திருச்சபை என்பதால் இலத்தீன் கத்தோலிக்கரும் நற்கருணை வாங்கலாம். தடுமாற்றம் அங்கேதான். கை நீட்டக் கூடாது. புளித்த மாவில் சுட்ட அப்பத்தின் துண்டுகள் இரசத்தில் நனைந்து கிண்ணத்தில் இருக்கும். குரு கரண்டியால் ஊட்டுவார். கைகளை மார்பில் குறுக்காக வையுங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள், தலையைச் சற்றுப் பின்சாய்த்து வாயை அகலத் திறவுங்கள். நாக்கை நீட்டவோ கரண்டியை உதட்டால் கவ்வவோ வேண்டாம். கரண்டி அசைந்தால் திருஇரத்தம் சிந்திவிடும். பழக்கத்தில் 'ஆமென்' சொல்ல வாயசைத்தாலும் இதே ஆபத்துதான்.

தெரெபோவ்லியா மரியன்னையின் திருப்படத்தின் முன் நிற்காமல் திரும்பாதீர்கள். நிலவறைக் கல்லறையில், இத்திருச்சபையின் தலைவர்களாக இருந்த பேராயர் ஷெப்திட்ஸ்கியும், 18 ஆண்டு சோவியத் சிறைவாசம் கண்ட கர்தினால் ஸ்லிப்பியும் துயில்கிறார்கள். ஸ்லிப்பி சிறையில் இருந்தபோது, 1946 மார்ச்சில், சோவியத் அரசின் நெருக்கடியால் இதே ஆலயத்தில் கூட்டப்பட்ட கூட்டம் அவருடைய திருச்சபையை ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையோடு இணைத்து இல்லாமலாக்கியது. 1984இல் ரோமையில் இறந்த அவருடைய உடல் 1992இல் இங்கே வந்து சேர்ந்தது. அங்கே முழந்தாளிடாமல் இருப்பது கடினம்.

போரால் விமானம் கிடையாது. போலந்தின் பிசெமிஷிலிலிருந்து ரயிலில் வரலாம். ஊரடங்கு நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கையேடுகள் ஜார்ஜியார் திருவிழாவை மே 6 என்று சொல்லும். 2023 நாட்காட்டி மாற்றத்துக்குப் பின் அது ஏப்ரல் 23.