ஐந்து யார்டுக்கு அப்பால் அந்தக் கை என்ன செய்கிறது?

ஒரு வழியாக அந்தப் பத்தி பலன் கொடுத்துவிட்டது. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் என்எஃப்எல். அதன் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டுக்கு வரும் கார்னர்பேக்குகளுக்கு (பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரைக் காக்கும் தடுப்பாளர்கள்) நான் போடும் மதிப்பெண் தாளில் 'ஐந்துக்கு அப்பால்' என்று ஒரு பத்தியைச் சேர்த்தேன். 2024இல் வந்த கார்னர்களின் கல்லூரிக் கடைசி ஆண்டு ஆட்டங்களை அதை வைத்து மறுபடி பார்த்தேன். நாற்பது யார்டு ஓட்டம், உயரம், கை நீளம், இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைத் தானே பிடித்துவிடுவது) என்று இத்தனை நாள் கட்டிக்கொண்டு அழுத பத்திகளை விட, இந்த ஒன்றுதான் அவர்களுடைய முதல் ஆண்டு ஆட்டத்தோடு அதிகம் ஒத்துப்போனது. கொஞ்சம் தலைக்கனம் வந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கல்லூரி விதிப்படி, ரிசீவர் இன்னும் எதிரே வந்துகொண்டிருக்கும் வரை, பந்து அதை எறியும் குவார்ட்டர்பேக்கின் கையை விட்டுக் கிளம்பும் வரை, கார்னர் கை வைக்கலாம். பிடித்து இழுக்காமல் இருந்தால் போதும். என்எஃப்எல்லில் பந்து வைத்த இடத்திலிருந்து முதல் ஐந்து யார்டோடு அந்தச் சலுகை முடிந்தது. அதற்கு மேல் தொட்டுத் தடுத்தால் ஐந்து யார்டு அபராதம், கூடவே எதிரணிக்குத் தானாக ஒரு ஃபர்ஸ்ட் டவுன் (பத்து யார்டு முன்னேற நான்கு புது முயற்சிகள்). மூன்றாவது டவுனில் பதினைந்து யார்டு தேவைப்படும்போதும் அதே கதைதான். ஆக, சனிக்கிழமை கல்லூரியில் 'அருமையான கவரேஜ்' என்று கைதட்டு வாங்கும் பாதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை என்எஃப்எல்லில் நடுவரின் அபராதக் கொடி வாங்கும். இதை எல்லோரும் பேசுகிறோம், தாளில் யாரும் எழுதுவதில்லை. 'கை அதிகம் போடுகிறார்' என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறோம். எங்கே போடுகிறார் என்பதல்லவா கேள்வி?

சரி, எப்படி அளப்பது? இங்கேதான் உயிர் போனது.

முதலில் காட்சிகளை வெட்டினேன். ஸ்னாப்பில் (பந்து பின்னால் குவார்ட்டர்பேக்கிடம் போகும் கணம்) தொடக்கம், பந்து கையை விட்ட பிரேமோடு முடிவு. அதற்கு மேல் எனக்கு வேண்டாம். பிடித்தாரா, தட்டினாரா, இன்டர்செப்ஷனா என்று தெரிந்தால் கண் தானாக மதிப்பெண்ணை மாற்றிவிடும். இரண்டரை நொடி, சில சமயம் மூன்று நொடி, அவ்வளவுதான் ஒரு துண்டு. குவார்ட்டர்பேக் பாக்கெட்டை (தன் காவலர்களுக்குப் பின்னால் இருக்கும் இடத்தை) விட்டு வெளியே ஓடிவிட்டால் தொடுவது பற்றிய விதியே மாறிவிடுகிறது. அந்தத் துண்டுகளைத் தூக்கிப் போட்டேன்.

அடுத்தது ஐந்தாவது யார்டைக் கண்டுபிடிப்பது. பந்து 30வது யார்டில் இருந்தால் கவலை இல்லை, 35இன் கோடு குறுக்கே முழுதாக ஓடுகிறது. பந்து 33இல் இருந்தால்? 38க்குக் கோடு கிடையாது. இரண்டு ஓரக் கோடுகளிலும், நடுவில் இருக்கும் இரண்டு ஹேஷ் வரிசைகளிலும் யார்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன வெள்ளைக் கீற்றுகள் இருக்கும். அவற்றில் 38ஐ இரண்டு இடத்தில் பிடித்து, திரையில் ஒரு நேர்கோடு போட வேண்டும். 35க்கும் 40க்கும் நடுவில் குத்துமதிப்பாகப் போட்டால் தப்பாகிவிடும். கேமரா சாய்ந்து பார்க்கும்போது தூரத்து யார்டுகள் நெருக்கமாகவும் பக்கத்து யார்டுகள் அகலமாகவும் தெரியும். சில மைதானங்களில் ஆட்டத்தின் கடைசிக் கால் மணி நேரத்துக்குள் ஹேஷ் கீற்றுகள் மிதிபட்டு அழிந்தே போய்விடுகின்றன. செயற்கைப் புல் மைதானங்களுக்கு இந்த விஷயத்தில் மட்டும் நான் ரசிகன்.

இன்னொன்று. கை எங்கே இருக்கிறது என்று அளக்காதீர்கள், கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கை தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இருக்கிறது. கேமரா சாய்ந்திருந்தால் அந்தக் கை ஒரு யார்டு தள்ளி விழுவது போலத் தெரியும். ரிசீவரின் முன்கால் தரையில் பதியும் பிரேமைப் பிடியுங்கள், கோட்டைத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள், அப்புறம் கைக்கு வாருங்கள். தொட்டு விட்டுவிட்டதா, ஒட்டிக்கொண்டே போகிறதா, ஜெர்ஸித் துணி இழுபடுகிறதா என்று மூன்று நிலை வைத்திருக்கிறேன். துணி இழுபடுவதுதான் கடைசி வகை, அதற்கு மதிப்பெண் கழிவும் அதிகம்.

பிரேம் பிரேமாக நகர்த்த எம்பிவி (mpv) என்ற வீடியோ பிளேயர் போதும். கமாவை அழுத்தினால் பின்னால், முற்றுப்புள்ளியை அழுத்தினால் முன்னால். ஃபாக்ஸ், இஎஸ்பிஎன் ஒளிபரப்புகள் 720 வரி, நொடிக்கு 60 பிரேம், அளக்க வசதி. சிபிஎஸ்ஸின் ஒளிபரப்பு 1080 இன்டர்லேஸ் வகை, வரிகளை ஒன்று விட்டு ஒன்றாக அனுப்புவது, அதனால் அசையும் கை ஓரமெல்லாம் சீப்புப் பல் போலப் பிசிறடிக்கும். அந்தச் சேனல் ஆட்டங்களை முடிந்தவரை தவிர்க்கிறேன்.

காட்சி கிடைப்பதுதான் பெரிய தலைவலி. என்எஃப்எல் ஆட்டங்களுக்கு ஆல்-22 கோணம் (22 வீரர்களும் தெரியும் காட்சி) சந்தா கட்டினால் கிடைக்கிறது. கல்லூரிக்கு நம்மைப் போன்றவர்களுக்கு டிவி ஒளிபரப்புதான் கதி. 'முழு ஆட்டம், நல்ல தரம்' என்று ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கினேன். வந்தது 30 பிரேமுக்குச் சுருக்கிய சரக்கு. கேட்டால் பதில் இல்லை. அவரிடம் இனி வாங்குவதாக இல்லை. அதோடு டிவி கேமரா ஸ்னாப் ஆனதும் குவார்ட்டர்பேக்கை நோக்கிச் சுருங்கிவிடுகிறது. பிரஸ் ஆடும், அதாவது ரிசீவரை ஒட்டி எதிரே நிற்கும் கார்னராவது ஒன்றரை நொடி திரையில் இருப்பார். எட்டு யார்டு தள்ளி நிற்பவர் தொடக்கத்திலேயே காணாமல் போய்விடுகிறார்.

அதனால் இந்த முறை எல்லோருக்கும் பொருந்தாது. ஐயோவாவின் கூப்பர் டிஜீனுக்கு என் தாளில் பாதிக் கட்டங்கள் காலி. அங்கே பெரும்பாலும் ஸோன்தான், ஆளை விட்டு இடத்தைக் காப்பது. அவரோ ட்ராஃப்டில் ஈகிள்ஸ் அணிக்கு 40வதாகப் போய், சில வாரம் கழித்து ஸ்லாட்டில் (ஓரத்துக்கு உள்ளே நிற்கும் ரிசீவருக்கு எதிரே) இறங்கி, 2025 பிப்ரவரி சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் தன் 22வது பிறந்தநாளன்று எதிரணி குவார்ட்டர்பேக் மஹோம்ஸின் பந்தைப் பிடித்து டச்டவுன் வரை ஓடினார். என் பத்தி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆனால் டெரியன் ஆர்னால்டின் தாள் பளிச்சென்று பேசியது. அலபாமாவில் 2023இல் ஐந்து இன்டர்செப்ஷன், உற்சாகமான ஆட்டம், ஆளை மடக்கி வீழ்த்தும் டேக்கிளில் பயமே இல்லை. லயன்ஸ் 24வதாக எடுத்தார்கள். ஐந்தாவது யார்டு தாண்டியும் கை ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள் நான் பார்த்த கார்னர்களிலேயே அவரிடம்தான் அதிகம். முதல் ஆண்டின் தொடக்க வாரங்களில் அவர் மேல் கொடி மேல் கொடியாக விழுந்தது நினைவிருக்கும். திறமைக் குறைவு என்று இதைச் சொல்ல மாட்டேன். கைப்பழக்கம், மாற்றிக்கொள்ள முடியும். எத்தனை மாதம் ஆகும் என்பதைத்தான் ட்ராஃப்ட் செய்யும் அணி கணக்குப் போட வேண்டும்.

இதற்கு நேர் எதிர் கமாரி லாசிட்டர். ஜார்ஜியாவில் நாற்பது யார்டை 4.6 நொடி வாக்கில் ஓடியதால் பலர் பட்டியலில் கீழே தள்ளினார்கள். 'ஐந்துக்கு அப்பால்' பத்தியில் அவர் ரொம்பச் சுத்தம். இடுப்பு திரும்பும் வேகம் இருப்பவனுக்கு ஜெர்ஸியைப் பிடிக்க வேண்டிய தேவையே வருவதில்லை. டெக்ஸன்ஸ் 42வதாக எடுத்து முதல் ஆண்டிலேயே தொடக்க வரிசையில் இறக்கினார்கள். அந்த இரண்டாம் சுற்றில் 40 முதல் 43 வரை நான்கு தேர்வும் தொடர்ச்சியாகக் கார்னர்கள்தான். டிஜீன், மெக்கின்ஸ்ட்ரி, லாசிட்டர், மெல்டன். அந்த நான்கில் லாசிட்டரைத்தான் முதலில் எடுப்பேன் என்று நான் சொன்னபோது மச்சான் சிரித்தார். இப்போது சிரிப்பதில்லை.

குவின்யன் மிட்செலைச் சொல்லாமல் விட முடியாது. டொலிடோவில் ஒரே ஆட்டத்தில் நான்கு இன்டர்செப்ஷன் எடுத்தவர். ஈகிள்ஸில் முதல் வழக்கமான சீசனில் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் அருமையான ஆண்டு. இன்டர்செப்ஷன் எண்ணிக்கையை நம்பி மதிப்பிடுகிறவர்கள் மிசிசிப்பி ஸ்டேட்டின் இமானுவேல் ஃபோர்ப்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: கல்லூரியில் ஆறு பிக்-சிக்ஸ் (இன்டர்செப்ஷனை டச்டவுன் வரை கொண்டுபோவது) சாதனை, 2023இல் 16வது தேர்வு, இரண்டாவது சீசன் முடிவதற்குள் வாஷிங்டன் விடுவித்துவிட்டது. என் தாளில் இன்டர்செப்ஷன் பத்தியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

அடுத்து சீனியர் பௌல் (ட்ராஃப்டுக்கு முன் கல்லூரி வீரர்கள் ஆடும் ஆட்டம்) பயிற்சிக் காட்சிகளில் இதே கோட்டைப் போட்டுப் பார்க்க ஆசை. அலபாமாவின் மொபைல் நகரில் நடக்கும் அந்த ஒன்றுக்கு ஒன்று பயிற்சியில் குவார்ட்டர்பேக்கை யாரும் துரத்துவதில்லை. ரிசீவருக்கு நேரம் தாராளம், கார்னருக்குப் பாவம் ஆதரவே இல்லை. கை எங்கே போகிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கேமராவும் பெரும்பாலும் பக்கத்திலேயே நிற்கும்.

டேக்கிளிங் பத்தி இன்னும் காலியாகவே இருக்கிறது. அதை முடிக்காமல் ஸ்லாட் கார்னர்களுக்குத் தனித் தாள் போடத் தொடங்கிவிட்டேன். ஓரக் கோடு துணைக்கு இல்லாத இடத்தில் ரிசீவர் இரண்டு பக்கமும் வெட்டலாம் என்பதால் 'ஒட்டிக்கொண்டே போகிறது' என்ற நிலையை அங்கே இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. உள்பக்கக் கை, வெளிப்பக்கக் கை என்று பிரிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். 60 பிரேமில் கல்லூரி ஆட்டங்கள் சேர்த்து வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், என்னிடம் இருப்பதை மாற்றிக்கொள்ளலாம்.