பேனல் மாற்றச் சொன்னார்கள், பழுது டிரைவரில் இருந்தது

"டிஸ்ப்ளே போயிடுச்சுக்கா. பேனல் மாத்தணும், 8,200 ஆகும்."

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடை. லேப்டாப்பைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. அதே லேப்டாப்பில், அதே பேனலில், வெளிச்சத்தை 20 சதவீதத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டுதான் இப்போது இதை எழுதுகிறேன். எதையும் மாற்றவில்லை. திரை வெளிச்சம் குறையாத இதே சிக்கல் வந்த யாரும் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பையன் தூங்கிய பிறகுதான் உட்கார முடியும். வீட்டில் ஒரே படுக்கையறை, அதனால் வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்து வைத்துத் தட்டச்சு செய்வேன். போன மாதம் ஒரு ராத்திரி விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பழைய பேட்டரி தாங்கவில்லை, பாதியிலேயே அணைந்துவிட்டது. மறுநாள் போட்டால் எல்லாம் வந்தது, ஆனால் திரை முழு வெளிச்சத்தில் நின்றது. எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் ராகு கால நேரத்தைப் படுக்கையிலிருந்தே படிக்கலாம், அவ்வளவு வெள்ளை. பையன் தூக்கத்திலேயே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எஃப்என் சாவியோடு சூரியன் படம் போட்ட சாவியை அழுத்தினால் அசைவே இல்லை. மூலையில் வைஃபை, சத்தம் எல்லாம் வரும் பெட்டியைத் திறந்தேன். சத்தத்துக்கான கோடு இருந்தது, வெளிச்சத்துக்கான கோடு இல்லை. மங்கிப்போயிருந்தால்கூடப் பரவாயில்லை, அங்கே அது சுத்தமாகக் காணோம். இந்த வித்தியாசத்தை அப்போதே கவனித்திருந்தால் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

ரீஸ்டார்ட், எஃப்என் லாக், கிராஃபிக்ஸைப் புதுப்பிக்கும் வின்-கண்ட்ரோல்-ஷிஃப்ட்-பி, ஒன்றும் உதவவில்லை. திரையை மங்கலாக்கும் ஒரு செயலியைப் போட்டுப் பார்த்தேன். அது படத்தின் மேல் கறுப்பைப் பூசுகிறதே தவிர, பின்னால் எரியும் விளக்கைக் குறைப்பதில்லை. கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரியும், பேட்டரியும் அதே வேகத்தில்தான் இறங்கும். இரண்டு நாளில் கண் எரிச்சல் தாங்காமல் துவாக்குடியிலிருந்து பஸ் பிடித்துப் போனேன்.

கடைத் தம்பி வெளி மானிட்டர் ஒன்றை எச்டிஎம்ஐயில் சொருகிப் பார்த்தார். அதிலும் படம் வரவில்லை. "பார்த்தீங்களா, போர்டுலயும் ஏதோ இருக்கு. முதல்ல பேனல் மாத்திருவோம், அட்வான்ஸ் 2,000 குடுத்துட்டுப் போங்க" என்றார். கையில் அவ்வளவு இல்லை, நாளைக்கு வருகிறேன் என்றேன். சோதித்ததற்கு 300 வாங்கிக்கொண்டார்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறுத்தியது. பேனல் போயிருந்தால் கோடு விழணும், சிமிட்டணும், ஒரு பக்கம் இருண்டு போகணும். என் திரையில் படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. இது எப்படிப் பேனல் பழுதாகும்?

வீட்டுக்கு வந்து முதலில் செய்த சோதனையை நீங்களும் முதலில் செய்யுங்கள். லேப்டாப்பை அணைத்துவிட்டு, போடும்போது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அமைப்புத் திரைக்குள், போனேன். சில கம்பெனிகளில் எஃப்10 அல்லது டெலீட் சாவியாக இருக்கும். அந்தத் திரையில் வைத்து எஃப்என்னோடு வெளிச்சச் சாவியை அழுத்தினேன். திரை படிப்படியாக மங்கியது. இன்னொரு சாவியை அழுத்தினேன், ஏறியது. அடுப்படியிலிருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பயாஸில் விண்டோஸ் ஓடுவதில்லை. அங்கே வெளிச்சம் குறைகிறது என்றால் பேனல், விளக்கு, கேபிள், சாவி எல்லாமே நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எல்லா மாடலிலும் பயாஸுக்குள் இந்தச் சாவி வேலை செய்யாது, அதனால் அங்கே குறையவில்லை என்பதை வைத்து மட்டும் பேனல் பழுது என்று முடிவு கட்டாதீர்கள்.

அப்புறம் டிவைஸ் மேனேஜர், கணினியின் பாகங்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் இடம். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்தால் வரும். அதில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்தேன். இன்டெல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தது. டிரைவர் என்பது ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள். சரியான டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் தானாகப் போட்டுக்கொள்ளும் ஸ்டெப்னி அது. திரையில் படம் காட்டும், அவ்வளவுதான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க அதற்குத் தெரியாது, இரண்டாவது மானிட்டரும் வராது, நைட் லைட்டும் மங்கிக் கிடக்கும். கடையில் எச்டிஎம்ஐ வராததற்கும் இதுதான் காரணம், போர்டு இல்லை! அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்தால் இன்டெல் டிஸ்ப்ளே டிரைவர் பெயரும், பக்கத்தில் தோல்வி என்ற குறிப்பும், அந்தக் கரண்ட் போன தேதியும் இருந்தன.

முந்தைய டிரைவருக்குத் திரும்ப வைக்கும் ரோல் பேக் டிரைவர் பொத்தான் மங்கலாக இருந்தது, அழுத்த முடியவில்லை. சரி என்று இன்டெல் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கினேன். இந்தக் கணினிக்கு இது சரிபார்க்கப்படவில்லை, தயாரித்த கம்பெனியிடம் வாங்கு என்று திருப்பி அனுப்பியது. மொபைல் டேட்டா ஒரு நாளைக்கு உண்டானது அதிலேயே போனது. ஆகவே நேராக லேப்டாப் கம்பெனியின் தளத்துக்கே போங்கள், சீரியல் எண்ணைக் கொடுத்து உங்கள் மாடலுக்கான டிரைவரை எடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அழிந்திருந்தால் கவலை வேண்டாம், பெரும்பாலும் பயாஸ் முதல் பக்கத்திலேயே அந்த எண் இருக்கும். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறேன் என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள்.

நிறுவும்போது திரை சில நொடி முழுக்க இருண்டது. அந்த நேரத்தில் பவர் பொத்தானைத் தொட்டுவிடாதீர்கள். திரும்பி வந்து ரீஸ்டார்ட் ஆனதும் மூலைப் பெட்டியைத் திறந்தேன். சத்தத்துக்கு மேலே அந்தக் கோடு இருந்தது. மவுஸால் இழுக்க இழுக்க அறை இருட்டானது.

சாவிகள் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. அதற்கு அதே தளத்தில் ஹாட்கீ என்ற பெயரில் தனி டிரைவர், இரண்டு நிமிட வேலை. மூன்றாம் நாள் விண்டோஸ் தோற்றுப்போன அந்த அப்டேட்டை மறுபடி போட்டு, கோடு மறுபடி மறைந்தது. இந்த முறை ரோல் பேக் பொத்தான் உயிரோடு இருந்ததால் பழைய டிரைவருக்கே திரும்பிவிட்டேன். அதோடு டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ் என்று தேடி, தானாக இறக்கவா என்று கேட்குமிடத்தில் வேண்டாம் என்று வைத்தேன். அதன் பிறகு தொல்லை இல்லை.

உங்கள் லேப்டாப்பில் டிஸ்ப்ளே அடாப்டர் பெயர் சரியாகவே இருந்தால், கீழே மானிட்டர்ஸ் வரியையும் விரித்துப் பாருங்கள். ஜெனரிக் பிஎன்பி மானிட்டர் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது முடக்கப்பட்டிருக்கிறது. வலது கிளிக்கில் எனேபிள் கொடுத்தால் போதும்.

கடைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். டிரைவரைப் பார்க்காமல் பேனல் விலை சொல்லாதீர்கள் தம்பி, என்னைப் போல எத்தனை பேர் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரிக்கா, பார்க்கறோம்" என்றார். 300 ரூபாயைக் கேட்டதற்கு, செக்கிங் சார்ஜ் திரும்பக் கிடையாது என்றார்கள்.