பயிற்சி ஊருக்கும் வர வேண்டும்

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற கண் நோய். சின்ன வயதில் பொழுது சாய்ந்தாலே தட்டுத்தடுமாறுவேன். மாலைக்கண் என்று நினைத்து அம்மா முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். வைட்டமின் ஏ குறைவு என்றால் அதில் சரியாகியிருக்கும். இது மரபணுவில் வருவது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். எப்படிப் படித்தாய், எங்கே போய்க் கற்றாய் என்று சுற்று ஊர்களிலிருந்து பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், பார்வை போனவர்களுக்கான பயிற்சி அவரவர் ஊர் வரை வர வேண்டும் என்பதற்காகவும் எழுதுகிறேன்.

முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழ். கல்லூரியில் படிக்கும்போது ஒரு முகாமுக்குப் போனோம். எழுத்து அட்டையைக் காட்டினார்கள். நேர் எதிரே இருப்பது அப்போது எனக்குத் தெரியும், படித்துவிட்டேன். "நல்லாத்தானே தெரியுது" என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எழுத்து தெரிகிறதா என்பதை மட்டும் பார்ப்பதில்லை. நல்ல கண்ணில் பார்வை 3/60-க்குக் கீழே இருந்தாலும், அதாவது மற்றவர்கள் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில்கூடப் பார்க்க முடியாவிட்டாலும், பார்வையின்மைதான். எதிரே தெரியும் பரப்பு 10 டிகிரிக்குள் சுருங்கிவிட்டாலும் பார்வையின்மைதான். இந்தப் பரப்பை அளக்கும் சோதனைக்குப் பெரிமெட்ரி என்று பெயர். அந்தக் கருவி முகாமுக்கு வராது, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இந்த நோய் உள்ள பிள்ளை என்றால் அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமாவது இருந்தால்தான் அரசு வேலையில் நமக்கான 1 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க முடியும்.

படிப்பு முடிந்த கொஞ்ச நாளில் அச்செழுத்தைப் படிக்கவே முடியாமல் போனது. பூந்தமல்லி, திருச்சி புத்தூர், பாளையங்கோட்டை என்று பார்வையற்றோர் பள்ளிகள் நமக்கு உண்டு. அவை பிள்ளைகளுக்கானவை. இருபது வயதுக்கு மேல் பார்வை போனவர்கள் எங்கே போவது என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல ஆள் கிடையாது. அலைந்து விசாரித்து, நகரத்தில் விடுதியோடு பயிற்சி தரும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன்.

அங்கே என்விடிஏ கற்றேன். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் இலவச மென்பொருள். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல் தொடங்கியது. தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகை கைக்கு சுலபமாக வந்தது. உயிரெழுத்து இடது பக்கம், மெய் வலது பக்கம். க இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும். கஷ்டம் எழுத்துப்பிழையில்தான். மனமும் மணமும், அரையும் அறையும் அந்தக் குரலில் என் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். நான் கண்ணால் படித்து வளர்ந்தவள், அதனால் சமாளித்தேன். செல்போன் வந்துவிட்டது, இனி பிரெய்ல் எதற்கு என்று கேட்டுக்கேட்டே வளர்ந்த பிள்ளைகள் சிலர் என்னோடு இருந்தார்கள். நன்றாகப் பேசுவார்கள், ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னால் கலங்கிவிடுவார்கள். பிரெய்லில் ண, ந, ன மூன்றுக்கும் தனித்தனிப் புள்ளிகள் இருக்கின்றன. அதை விரலால் தொட்டுப் படித்த பிள்ளைக்கு இந்தக் குழப்பம் வராது. பிள்ளைக்கு பிரெய்ல் வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

குரூப் 4 தேர்வுக்குப் படித்ததில் பாதி நேரம் புத்தகத்தைக் கேட்கும்படி மாற்றுவதிலேயே போனது. பல பிடிஎஃப்கள் பழைய எழுத்துருவில் இருக்கும், என்விடிஏ அவற்றை உளறலாகத்தான் படிக்கும். சில வெறும் படங்கள். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் ஓரளவு தமிழ் எழுத்தாக மாறிவிடும். தேர்வில் நாம் சொல்லும் விடையைக் குறிக்க ஒருவரைத் தருவார்கள். 3 மணி நேரத்தோடு 1 மணி நேரம் கூடுதல். பொருத்துக வகைக் கேள்விகளைக் காதால் கேட்டு விடை சொல்வது கடினம். வீட்டில் தம்பியை வாசிக்கச் சொல்லி அதற்கென்றே பழகினேன்.

ஆனால் பயிற்சி முடிந்து ஊருக்கு வந்த பிறகு வீட்டு வாசலைத் தாண்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. வெள்ளைக் கோலை இடமும் வலமும் தட்டி நடக்க விடுதி வளாகத்திலும் நகரத்து நடைபாதையிலும் கற்றிருந்தேன். எங்கள் ஊரில் நடைபாதையே கிடையாது. மழை பெய்தால் கோல் முனை சேற்றில் குத்தி நிற்கும். தாரும் புல்லும் சேரும் ஓரத்தைக் கோலால் தடவிக்கொண்டே போகலாம் என்பதை நானாகத்தான் கண்டுபிடித்தேன். மாவு மில் சத்தம் வந்தால் திருப்பம், அப்புறம் டீக்கடை, அப்புறம் பஸ் நிறுத்தம். ஆடி மாதம் கோவிலில் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் மில் சத்தமே கேட்காது. அந்த நாட்களில் அப்பா கூடவே வருவார். "தனியா விட்டா ஊர் என்ன பேசும்" என்ற பயம் அவருக்கு. பயிற்சியாளர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவையும் உடன் வைத்துக்கொண்டு அந்த வழியை எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் இரண்டு பேருக்குமே தைரியம் வந்திருக்கும். என்னோடு படித்தவர்களில் சிலர் கணினியில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். பஸ் நிறுத்தம் வரை தனியாகப் போக முடியாமல் இன்றும் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

இதைத்தான் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்திருக்கிறேன். விடுதிப் பயிற்சியின் கடைசி ஒரு வாரம் அவரவர் ஊரில் நடக்க வேண்டும்; பயிற்சியாளருக்கு அரசே பயணப்படி தர வேண்டும்; வீட்டில் ஒருவரும் கட்டாயம் உடன் இருக்க வேண்டும். மனுவை உரிய அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த கூட்டத்துக்கு என்னோடு படித்த இரண்டு பேரையும் அவர்கள் வீட்டாரையும் அழைத்துப் போகப் பேசி வைத்திருக்கிறேன்.